வேறு கை போட்ட ஒட்டு

போன கோடையில் மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, முதன்முறையாக எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். அங்கே ஜமுக்காளத்தின் மேல் நிறுத்தி வைத்திருந்த டிரம்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, ஒட்டுப்போட்ட கொடம் மாதிரி இருக்கு?" என்றார். சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஏழு வருடமாகத் தேடிச் சேர்த்த ஒரு பொருளை ஒரே வாக்கியத்தில் அம்மா சரியாகச் சொல்லிவிட்டாரோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. அம்மா ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. அந்த வாக்கியம் இன்னும் போகவில்லை.

ஒட்டுப்போட்ட குடம் என்றால் என்ன என்பது எண்பதுகளில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் குடம் கீழே விழுந்து விரிசல் விட்டால் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். "பிளாஸ்டிக் கொடம், வாளி ஒட்டறது" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஒருவர் சைக்கிளில் வருவார். கரி அடுப்பில் ஒரு இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, விரிசலின் மேல் வேறொரு பிளாஸ்டிக் துண்டை வைத்து இழுப்பார். புகையும் நாற்றமும் தெரு முழுக்க இருக்கும். அவரிடம் என்ன நிறத் துண்டு இருக்கிறதோ அந்த நிறத்தில்தான் ஒட்டு. எங்கள் வீட்டுப் பச்சைக் குடத்தின் இடுப்பில் கையகலத்துக்கு ஒரு சிவப்பு ஒட்டு இருந்தது. குழாயடி வரிசையில் எங்கள் குடம் எது என்று கண்டுபிடிக்க அதுதான் அடையாளம்.

என் டிரம்ஸிலும் சிவப்பு இருக்கிறது, பச்சை இருக்கிறது, நடுவில் மஞ்சள். அமெரிக்க டிரம்ஸ் கம்பெனியான லுட்விக் 1972-இல் விஸ்டாலைட் என்ற பெயரில், அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டிரம்ஸை விற்க ஆரம்பித்தது. முதலில் எல்லாம் ஒற்றை நிறம்: நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி ஒன்று, அம்பர், நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள். எழுபதுகளின் நடுவில் ஒரே டிரம்மில் பல நிறங்களைப் பட்டை பட்டையாக இணைத்துக் கொடுத்தார்கள். சில செட்டுகளில் பட்டைகள் வளையல் அடுக்கியது போலப் படுக்கைவாட்டில் இருக்கும். சிலவற்றில் திருகு மாதிரிச் சுற்றிக்கொண்டு ஏறும். சேகரிப்பவர்கள் இவற்றை ரெயின்போ என்பார்கள். என்னிடம் இருப்பது வளையல் வகை. காலால் மிதித்து அடிக்கும் 22 அங்குல பேஸ் டிரம், அதற்கு மேலே நிற்கும் 13 அங்குல டாம், தரையில் காலூன்றி நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம். ஸ்நேர் டிரம் மட்டும் உலோகம்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாம். இதில் புதுமை ஒன்றுமில்லை, இந்தப் பக்கம் வந்த பாதிப்பேர் அவர் வழியாக வந்தவர்கள்தான். 1973 ஜூலையில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் படமெடுத்த கச்சேரியில் அவர் முன்னால் அந்த அம்பர் விஸ்டாலைட் இருக்கிறது. பேஸ் டிரம் 26 அங்குலம். திருச்சியில் ஹாஸ்டல் அறையில், கோடு கோடாக ஓடிய ஒரு காப்பியில் அதைப் பார்த்தபோது எனக்கு அந்த டிரம்ஸ் தேன் நிறைத்த பாட்டில் மாதிரி இருந்தது. மேடை விளக்கு பின்னாலிருந்து அடிக்கும்போது டிரம்முக்கு உள்ளே வெளிச்சம் தங்குகிறது. மரத்தால் செய்த எந்த டிரம்மிலும் இது நடக்காது. நான் மெல்லிசைக் குழு ஒன்றில் இரண்டு வருடம் வாசித்தவன். எங்கள் செட்டின் உடம்பு என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது; மேலே ஒட்டியிருந்த ஜிகினாத் தாள் உரிந்தால் ஃபெவிகால் போட்டு ஒட்டுவோம்.

பிறகு அமெரிக்கா, வேலை, சிகாகோவின் புறநகர் ஒன்றில் வீடு. லுட்விக் 1909-இல் தொடங்கிய ஊர் இது. டேமன் அவென்யூவில்தான் தொழிற்சாலை இருந்தது. எண்பதுகளில் கம்பெனி கைமாறி உற்பத்தி நார்த் கரோலினாவுக்குப் போய்விட்டது. முதல் வருடத்திலேயே அந்தத் தெருவுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். குளிர் தாங்காமல் ஐந்து நிமிடத்தில் காருக்குள் ஏறிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்ரிலிக் டிரம்ஸை லுட்விக் கண்டுபிடிக்கவில்லை. கான்சஸ் சிட்டியில் பில் ஸிக்கோஸ் என்ற டிரம்மர் ஐம்பதுகளின் கடைசியிலேயே செய்துவிட்டார். ஃபைப்ஸ் என்ற கம்பெனியும் கண்ணாடி மாதிரி டிரம்ஸ் விற்றது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் பில்லி காபம் வாசித்த அந்த நிறமற்ற செட் ஃபைப்ஸ்தான். அந்தக் குழுவின் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாக்லின், எழுபதுகளின் நடுவில் அதைக் கலைத்துவிட்டு சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக்கிலிருந்து மண்பானைக்கு. அம்மாவின் "கொடம்" என்ற சொல் வந்தபோது எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "கடம் வேற, கொடம் வேற" என்றார்.

ஒட்டின் கணக்கு

அக்ரிலிக் டிரம் செய்யும் முறை எளிதுதான். ஏறக்குறைய கால் அங்குலத் தடிமன் தகட்டைச் சூடாக்கி வளைத்து உருளையாக்க வேண்டும். இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். இங்கே ஒட்டுவது என்றால் பசை தடவுவது இல்லை. மெத்திலீன் குளோரைடு போன்ற ஒரு கரைப்பான் இரண்டு முகத்தையும் இளக்கிவிடும். அது ஆவியான பிறகு இரண்டும் ஒரே பொருளாகிவிடும். நன்றாகச் செய்தால் ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. அவசரத்தில் செய்தால் உள்ளே குமிழிகள் நிற்கும், வருடங்கள் போகப் போக அந்த இடம் மங்கும்.

ஒற்றை நிற டிரம்முக்கு ஒரு ஒட்டு போதும். மூன்று நிறம் என்றால் வளைத்து மூடும் ஒட்டு போக, பட்டையும் பட்டையும் சேரும் இரண்டு வளைய ஒட்டுகளும் வேண்டும். 16 அங்குல டிரம்மில் ஒரு வளைய ஒட்டின் நீளம் மட்டும் நாலடிக்கு மேல். அந்த உடம்பில்தான் லக்குகள் என்ற உலோகப் பிடிகளைத் திருகி, மேலும் கீழும் ஸ்கின்னை, அதாவது டிரம்மின் தோலை, இழுத்துக் கட்டி, குச்சியால் அடிக்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது. வெப்பத்தில் அக்ரிலிக் இரும்பைப் போல ஐந்தாறு மடங்கு விரியும். சிகாகோவில் ஜனவரி இரவில் வண்டியில் கிடந்த ஃப்ளோர் டாமை வீட்டுக்குள் கொண்டுவந்தால் 40 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அதற்குள் டிரம்மின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும். ஸ்கின்னை அழுத்திப் பிடிக்கும் ரிம் என்ற இரும்பு வளையம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நகரும். மிச்ச இழுபறியை ஆணித் துளைகளும் ஒட்டுகளும் தாங்க வேண்டும்.

ஆகவே இது பார்ப்பதற்காகச் செய்த டிரம். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அக்ரிலிக்கின் சத்தம் எனக்குப் பிடிக்கும், அடி விழுந்த கணம் கூர்மையாக, உரத்து வரும். ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒற்றை நிறமே போதும். மூன்று நிறம் சேர்ப்பதால் சத்தத்தில் ஒரு நன்மையும் இல்லை, பலவீனம்தான் கூடுகிறது. மேடையில் பின் வரிசையில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டும் என்று செய்தது. கடைசி ஆண்டுகளில் டிரம்முக்குள் சின்ன விளக்குச் சரம் வைத்து டிவோலி என்று விற்கும் அளவுக்குப் போனார்கள். திருவிழாக் கடை சீரியல் பல்பு மாதிரி. அது எனக்குக்கூடக் கொஞ்சம் அதிகம்.

பார்ப்பதற்கென்றே செய்த இந்தப் பொருளை நாங்கள் என்ன செய்கிறோம்? போர்வை போர்த்திக் கீழ்த்தளத்தில் வைக்கிறோம். விற்பவர்கள் எல்லாரும் டிரம்மின் நடுமட்டத்துக்குக் குனிந்து, நேர் எதிரே நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தக் கோணத்தில் முன்சிவப்புக்குப் பின்னால் பின்சிவப்பு, மஞ்சளுக்குப் பின்னால் மஞ்சள், மூன்று பட்டை மட்டும் தெரியும். எழுந்து நின்று மேலிருந்து சாய்வாகப் பார்த்தால்தான் முன் சுவரின் ஒரு பட்டை பின் சுவரின் இன்னொரு பட்டை மேல் விழும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து ஆரஞ்சு. மஞ்சளும் பச்சையும் சேர்ந்து வாழைக்குருத்து நிறம். சிவப்பும் பச்சையும் சேரும் இடத்தில் வெளிச்சம் செத்துப்போய்ப் புளிக்கரைசல் மாதிரி ஆகிவிடும். வாசிப்பவன் தலையை அசைக்க அசைக்க இவை மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்கின்னும் கண்ணாடி மாதிரி இருந்தால் அடியிலிருந்து தரையின் ஜமுக்காளக் கோடும் வந்து சேர்ந்துகொள்ளும்.

நான் செய்த முட்டாள்தனம்

ஃப்ளோர் டாம் கடைசியாக வந்தது. மற்ற இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வாங்கியவை. அதற்குப் பொருத்தமான அதே மூன்று நிறம், அதே வரிசை கிடைக்க நாலு வருடம் ஆயிற்று. விற்றவர் "எல்லாம் ஒரிஜினல், விரிசல் இல்லை" என்று எழுதியிருந்தார். லுட்விக்கின் பெயர் பொறித்த, நீலமும் ஆலிவும் கலந்த அந்தக் கூர்முனை பேட்ஜ் இருந்தது, லக்குகள் சரியாக இருந்தன, கால் மாட்டும் பிடிகள் பழையவை. விலையை இங்கே எழுதவில்லை. வீட்டில் சொன்னதும் உண்மையான விலையும் ஒன்றில்லை.

பெட்டியைப் பிரித்ததும் மேலே ஐம்பது வருட அழுக்கு. ஆர்வக்கோளாறில் சமையலறையிலிருந்து ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை எடுத்துவந்து பீய்ச்சித் துடைத்தேன். பளிச்சென்று ஆயிற்று. மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே, மேல் ஒட்டை ஒட்டி, ஒரு லக்கின் பக்கத்தில் மயிரிழை மயிரிழையாக வெள்ளிக் கோடுகள். தாளித்த எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போலச் சிதறியிருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் ஆழமாக, விரலால் தடவினால் நகத்தில் தட்டியது.

அம்மோனியாவும் ஆல்கஹாலும் அக்ரிலிக்குக்கு ஆகாது என்பது இந்த உலகில் அரிச்சுவடி. இழுவிசையில் இருக்கும் அக்ரிலிக் மேல் அவை பட்டால் உள்ளே அடைந்து கிடக்கும் இறுக்கம் விரிசலாக வெளியே வரும். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். மற்றவர்களுக்கு நானே பலமுறை சொன்ன விஷயம் இது. அன்றைக்கு ஏன் மறந்தேன் என்று கேட்டால், பளிச்சென்று பார்க்கும் அவசரம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

மீன் தொட்டி செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவருக்கு டிரம்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது, அக்ரிலிக் பற்றி எல்லாம் தெரியும். ஆழமான விரிசலின் முனையில் குண்டூசித் தலை அளவு ஒரு துளை போட்டார். கூர்மையான முனை இருக்கும்வரை விரிசல் ஓடும், முனை வட்டமாகிவிட்டால் நின்றுவிடும் என்றார். பிறகு ஊசியில் கரைப்பானை எடுத்து விரிசலின் வாயில் ஒரு சொட்டு வைத்தார். திரி எண்ணெயை இழுப்பது போல விரிசலே அதை உள்ளே இழுத்துக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருக்க வெள்ளிக் கோட்டில் பாதி மறைந்துபோனது. மேலோட்டமான மயிரிழைகளை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். போகும்போது ஒரு மெழுகுப் பென்சிலைக் கொடுத்து, மிச்ச விரிசல்களின் முனையில் கோடு கிழித்துத் தேதி போட்டு வைக்கச் சொன்னார். கோட்டைத் தாண்டினால் வா, இல்லையென்றால் வராதே.

அம்மாவின் விரல்

இந்த நிலையில்தான் அம்மா வந்தார். "ஒட்டுப்போட்ட கொடம்" என்று சொல்லிவிட்டுப் போனவர், இரண்டு நாள் கழித்து மறுபடி இறங்கி வந்தார். எனக்கு வீட்டிலிருந்து வேலை, அவருக்குப் பொழுது போகவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், கைக்கு எட்டிய ஃப்ளோர் டாமை மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தார். நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். அம்மா விரல் நகத்தை மேல் ஒட்டில் வைத்து ஒரு சுற்று, கீழ் ஒட்டில் வைத்து ஒரு சுற்று ஓட்டினார். எனக்குத் திக்கென்றது. மீட்டிங் முடிவதற்குள் அவர் முடிவுக்கு வந்திருந்தார்.

"மேல ஒரு கை, கீழ வேற கை" என்றார்.

புரியவில்லை. அம்மா முப்பது வருடம் வீட்டிலேயே ரவிக்கை தைத்தவர். ஒரு ரவிக்கையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தால் எந்த இடத்தைத் தையற்காரர் தைத்தார், எந்த இடத்தை உதவிக்கு இருந்த பையன் தைத்தான் என்று சொல்லிவிடுவார். "பாரு, மேல குமிழி குமிழியா இருக்கு, மஞ்ச பூத்துக் கெடக்கு. ஓட்டிவிட்டுட்டாங்க. கீழ நிறுத்திச் செஞ்சிருக்காங்க. ஒரு குமிழி இல்ல."

டார்ச்சை எடுத்து டிரம்முக்குள் விட்டுப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. சிவப்பும் மஞ்சளும் சேரும் மேல் ஒட்டு மங்கி, உள்ளே வரிசையாகக் குமிழிகள். மஞ்சளும் பச்சையும் சேரும் கீழ் ஒட்டு தெளிவாக, நூல் பிடித்தது போல. வளைத்து மூடிய ஒட்டு சிவப்பிலும் மஞ்சளிலும் ஒரே நேர்கோட்டில் இறங்கி வந்து, பச்சையில் மட்டும் சுண்டுவிரல் அகலம் தள்ளிப் போயிருந்தது. கீழ் ஸ்கின்னைக் கழற்றினேன். ஸ்கின் உட்காரும் விளிம்பு மேலே இயந்திரத்தில் சீவிய கூர்மையோடு இருந்தது. கீழே கையால் தேய்த்த வழவழப்பு. வெயிலில் கொண்டுபோய் டாமின் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தபோது ஃப்ளோர் டாமின் பச்சை ஒரு துளி நீலம் கூடியது.

கீழ்ப் பட்டை தொழிற்சாலையில் போட்டது இல்லை. கால் பிடிகள் மாட்டும் இடம் அது, ஃப்ளோர் டாமில் முதலில் உடையும் இடமும் அதுதான். எப்போதோ யாரோ உடைத்திருக்கிறார்கள். யாரோ அந்தப் பட்டையை முழுதாக அறுத்து எடுத்துவிட்டு, புதுத் தகட்டை வளைத்து, லக்குத் துளைகளைப் பழைய கணக்கில் போட்டு, ஒட்டி, விளிம்பு தேய்த்திருக்கிறார்கள்.

சேகரிப்பவர்களின் சட்டப்படி எனக்கு இப்போது கோபம் வர வேண்டும். "எல்லாம் ஒரிஜினல்" என்ற சொல்லுக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுத்தேன். விற்றவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், படங்களையும் சேர்த்தேன். அனுப்பவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் அசிங்கமானது: அனுப்பினால் விஷயம் எழுத்தில் பதிவாகிவிடும், நாளைக்கு நான் விற்கும்போது "எனக்கும் தெரியாது" என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. இதே பித்துப் பிடித்த நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரிடமும். கடைசியில் சொன்னபோது அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, "ஒற்றை நிற டிரம்மில் பட்டை மாற்றினால் எவனும் கண்டுபிடிப்பான். இதில் எவன் பார்க்கப் போகிறான்?" என்றார். ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. உடம்பு முழுக்க ஒட்டாக இருக்கும் ஒரு பொருளில் எந்த ஒட்டு அசல், எந்த ஒட்டு போலி என்று பிரிப்பதற்காகவா நான் இத்தனை வருடம் பேட்ஜின் முனையையும் துளையின் அளவையும் பார்த்துக்கொண்டிருந்தேன்?

அம்மாவிடம் நிலவரத்தை விளக்கினேன். தொழிற்சாலை செய்தது, பிறகு ஒருவர் மாற்றியது, அதனால் மதிப்புக் குறைவு. பொறுமையாகக் கேட்டார். "நம்ம கொடத்துக்கு செவப்பு ஒட்டுப் போட்டானே, அவன் இருந்ததைப் போட்டான். இவன் பச்சையைத் தேடிப் புடிச்சிருக்கான் பாரு" என்றார். மதிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இதை வாசிக்க மாட்டியா என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அந்த ஃப்ளோர் டாம் வந்ததிலிருந்து ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. கீழ் ஸ்கின்னை மறுபடி மாட்டி, அளவாக இறுக்கி, பத்து நிமிடம் வாசித்தேன். முதல் அடிக்கு அம்மா காதைப் பொத்திக்கொண்டார், பிறகு கையை எடுத்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசிக்கிறேன். போர்வையை எடுத்துவிட்டு, பின்னால் ஒரு மேசை விளக்கைத் தரையில் வைத்துக்கொள்கிறேன். அந்தக் கீழ்ப் பட்டையைப் பற்றி ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, படங்களோடு டிரம்முக்கான பையில் வைத்திருக்கிறேன். நண்பருக்கு இது பிடிக்கவில்லை, பாதி விலை போயிற்று என்கிறார். இருக்கலாம். மெழுகுப் பென்சில் கோடுகளையும் அப்போதே பார்ப்பேன். கீழ் ஒட்டில் போட்ட நாலு கோட்டையும் எதுவும் நெருங்கவில்லை. மேல் ஒட்டில், குமிழி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மார்ச் 9 என்று எழுதிய கோட்டைப் போன வாரம் விரிசல் ஒரு அரிசி அளவு தாண்டியிருக்கிறது. சனிக்கிழமை மீன் தொட்டிக்காரரிடம் போக வேண்டும்.